ஓர் ஆட்டுத் தோல், நான்கு வழிகள்: சென்னையில் எந்த முறையில் பதனிடுவது?

பக்ரீத் முடிந்த வாரத்திலும், ஊர்க் கோயிலில் கிடா வெட்டிவிட்டுத் திரும்பியவர்களிடமிருந்தும் எனக்கு ஒரே கேள்வி வருகிறது: "ஆட்டுத் தோல் ஒன்று இருக்கிறது. வீணாக்க மனம் வரவில்லை. மென்மையான தோலாக மாற்ற எந்த முறை நல்லது?" கைப்பை தைக்கக் கற்றுக்கொள்ளும் மாணவிகள், பழைய முறையில் புத்தகம் கட்டுபவர்கள், தரையில் விரிக்க மயிரோடு ஒரு தோல் வேண்டும் என்பவர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் இதைக் கேட்கிறார்கள். அதற்குள் நான்கைந்து வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துக் குழம்பியும் இருப்பார்கள். ஒன்றில் மூளையைத் தடவுகிறார்கள், ஒன்றில் படிகாரம், ஒன்றில் மரப்பட்டை, இன்னொன்றில் மீன் எண்ணெய்.

நான்குமே உண்மையான, தொன்மையான முறைகள்தான். ஆனால் அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை குளிர்ந்த, உலர்ந்த நாடுகளில், வீட்டுக்குப் பின்னால் ஏக்கர் கணக்கில் இடம் வைத்திருப்பவர்கள் எடுத்தவை. வேர்வை ஓயாத, கடற்காற்றில் உப்பு மிதக்கும், பக்கத்து வீட்டு ஜன்னல் பத்தடியில் இருக்கும் சென்னையில் கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

## மென்மை எங்கிருந்து வருகிறது

தேர்வில் குழப்பம் வருவதற்கு முக்கியக் காரணம் ஒரு தவறான எண்ணம்: ஏதோ ஒரு கரைசலில் ஊற வைத்தால் தோல் தானாக மென்மையாகிவிடும் என்பது. ஆகாது. தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல். ஈரமாக இருக்கும்போது இழைகளுக்கு நடுவே தண்ணீர் நிற்கிறது. காயும்போது தண்ணீர் போய், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துவிடுகின்றன. அந்த நேரத்தில் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். இழைகளுக்கு நடுவே கொழுப்போ எண்ணெயோ போய் உட்கார வேண்டும். காய்ந்து முடியும்வரை தோலை இழுத்து, முறுக்கி, மழுங்கிய விளிம்பில் தேய்த்து அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் எந்த முறையில் பதனிட்ட தோலும் அட்டையாகத்தான் காயும்.

ஆகவே மென்மைக்கு விலை உங்கள் மணிக்கட்டும் தோள்பட்டையும். பதனிடும் பொருள் தீர்மானிப்பது வேறொன்றை: இந்தத் தோல் மறுபடி நனைந்தால், வேர்வை பட்டால், ஒரு மழைக்காலம் அலமாரிக்குள் கிடந்தால் என்ன ஆகும் என்பதை. முறையைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கேள்வியை முன்னால் வையுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பவை இவை.

முதலாவது, தோல் என்னவாகப் போகிறது, அதில் தண்ணீரும் வேர்வையும் படுமா என்பது. தோளில் மாட்டும் பைக்கும் அலமாரியில் நிற்கும் புத்தக அட்டைக்கும் தேவை ஒன்றல்ல. இரண்டாவது, மயிர் வேண்டுமா, வேண்டாமா. மூன்றாவது, இடம்: மாடிக் குடியிருப்பா, மொட்டை மாடி உண்டா, வாசலும் கிணற்றடியும் உள்ள தனி வீடா. நான்காவது, உங்களால் தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் தர முடியும். சில முறைகள் தினமும் பத்து நிமிடம் கேட்கும், சில ஒரு முழு நாளை விழுங்கும். ஐந்தாவது, கழிவு நீர் எங்கே போகும். இதைப் பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் நினைக்கிறார்கள்.

பறை, மிருதங்கம், உடுக்கை போன்றவற்றுக்குத் தோல் தேடுபவர்கள் இதில் எந்த முறைக்கும் போக வேண்டாம். வாத்தியத் தோல் பதனிடப்படாத தோல். விறைப்பாகக் காய்வதுதான் அதன் குணம், அதனால்தான் அது பேசுகிறது. தோல்பாவைக் கூத்துக்கான ஆட்டுத் தோலும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பதால் பதனிடாமல், சுரண்டி இழுத்துக் காயவைத்ததுதான்.

## எல்லா முறைக்கும் பொதுவான முன்வேலை

கடைக்காரர் உரித்துக் கொடுத்த தோலை வெயில் காலத்தில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வைக்கக் கூடாது. சதைப்பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, தோலின் எடையில் ஏறக்குறைய பாதி அளவு கல்லுப்பை ஓரம் வரைக்கும் தடவ வேண்டும். கழுத்துப் பகுதியிலும் கால் மடிப்பிலும்தான் அழுகல் முதலில் தொடங்கும். விரலால் மயிரை இழுக்கும்போது சுலபமாகக் கையோடு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். மயிரோடு வைத்திருக்கும் ஆசையை அங்கேயே விட்டுவிடலாம்.

மயிர் வேண்டாம் என்றால் நீறிய சுண்ணாம்பு. தோல் எடையில் பத்தில் ஒரு பங்கு சுண்ணாம்பைத் தாராளமான தண்ணீரில் கலந்து, தினமும் புரட்டிவிட்டால், சென்னைச் சூட்டில் ஒரு வாரம் முன்பின்னாக ஆட்டு மயிர் தளர்ந்துவிடும். வேகத்துக்காகச் சோடியம் சல்ஃபைடு சேர்க்கச் சொல்வார்கள். வீட்டில் அது வேண்டவே வேண்டாம். அது அமிலத்தோடு சேர்ந்தால் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும்.

பிறகு சதையைச் சுரண்டுவதும், சுண்ணாம்பை வெளியேற்றுவதும். பழைய முறை, புளித்த தவிட்டு நீரில் ஒரு நாள் ஊற வைப்பது. புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்து எடுக்கும், தோலும் பட்டுப்போல் தளரும். தோலின் தடித்த இடத்தில் ஓரமாக ஒரு வெட்டுப் போட்டு, வெட்டிய முகத்தில் ஒரு சொட்டு பினாஃப்தலீன் விடுங்கள். பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்த திரவம்தான். இளஞ்சிவப்புக் கோடு நடுவில் தெரிந்தால் உள்ளே இன்னும் சுண்ணாம்பு இருக்கிறது. கோடு மறைந்த பிறகே அடுத்த படி.

கையுறை கட்டாயம். நோயில் இறந்த ஆட்டின் தோலைத் தொடவே கூடாது. ஆந்த்ராக்ஸ் போன்ற நோய்கள் தோல் வழியாகவே மனிதருக்கு வரும்.

## ஒன்று: ஆவாரம்பட்டை

தமிழ்நாட்டின் சொந்த முறை என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். ஆவாரை நம் வறண்ட நிலமெங்கும் தானாக வளரும் செடி. பொங்கலுக்குக் காப்புக் கட்ட அதன் பூவைத் தேடுகிறோம். அதன் பட்டையில் உள்ள டானின் தோலின் இழைகளைப் பிணைத்து, அழுகாத ஒன்றாக மாற்றுகிறது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரங்களில் பதனிட்ட இந்தத் தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போயின. அங்கே அதற்கு 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைவீரர்களின் பூட்ஸ் மேற்பாகத்துக்கு இதே தோல் போனது. இன்று அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது.

செய்முறையின் உயிர், கரைசலின் செறிவை மெல்ல மெல்ல ஏற்றுவதில் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பட்டையை இடித்து, வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்து வடிகட்டுங்கள். முதல் ஊறல் இளந்தேநீர் நிறத்தில்தான் இருக்க வேண்டும். அதில் சில நாள், பிறகு அதைவிடக் கெட்டியானது, பிறகு இன்னும் கெட்டியானது. எடுத்த எடுப்பிலேயே கெட்டிச் சாற்றில் போட்டால் தோலின் இரு முகமும் உடனே பதமாகி இறுகிவிடும். சாறு அதைத் தாண்டி உள்ளே போகாது. வெளியே தோல், நடுவே பச்சை. சில மாதங்களில் நடுப்பகுதி அழுகி, இரண்டு ஏடாகப் பிரிந்துவிடும். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்பார்களே, அது இந்தத் தொட்டிக்கும் பொருந்தும்.

ஆட்டுத் தோலுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகும். எருமைத் தோல் போன்ற தடித்தவற்றுக்கு மாதக்கணக்கு. முடிந்ததா என்று பார்க்க, கழுத்துப் பக்கம் ஒரு மெல்லிய கீற்றை வெட்டிப் பாருங்கள். வெட்டு முகம் முழுக்க ஒரே பழுப்பாக இருக்க வேண்டும். நடுவில் வெளிறிய கோடு தெரிந்தால் திரும்பவும் தொட்டிக்கு. கடைசியில் கடுக்காய் ஊறலில் ஓரிரு நாள் போட்டெடுப்பது நம் ஊர் வழக்கம். நிறத்தை வெளுப்பான மஞ்சளாக்கிக் கொடுக்கும். பிறகு லேசான ஈரத்தில் புங்க எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவி, நிழலில் காயவிட்டு, காயக் காய இழுத்துத் தேய்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று.

இரும்பு. டானினும் இரும்பும் சேர்ந்தால் கருநீலமாகும். பழைய எழுது மை இந்த வேதியியலில்தான் செய்யப்பட்டது. இரும்பு வாளி, துருப்பிடித்த ஆணி, ஏன், ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே போதும், தோலெங்கும் கறுப்புத் திட்டு விழும். சென்னையில் பிடித்த கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பாக மாறும் தண்ணீர் வரும் தெருக்கள் பல. அப்படிப்பட்ட வீடானால் குடிநீர் வாரியத் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். பிளாஸ்டிக் டிரம் போதும்.

பட்டையின் அளவு. தோலின் எடைக்குச் சமமாகவாவது பட்டை வேண்டும், ஒன்றரை மடங்கு இருந்தால் கவலையில்லை. மருந்துக்கு நூறு கிராம் வாங்குவதுபோல் கிலோக்கணக்கில் சில்லறை விலையில் வாங்கினால் கையைக் கடிக்கும். பட்டைக்காகக் கண்ட இடத்தில் ஆவாரைச் செடியை வேரோடு பிடுங்குவதும் சரியல்ல. கருவேலம்பட்டை, கொன்றைப்பட்டை, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளரும் வாட்டில் மரத்தின் பட்டை எல்லாவற்றிலும் டானின் உண்டு. சென்னையில் தோல் கடைகள் நிறைந்த பெரியமேட்டில் வாட்டில் சாற்றுத் தூள் கேட்டுப் பாருங்கள். நிறம் சற்றுச் சிவக்கும், வேலை சுலபமாகும்.

மூன்றாவது, தோலின் சுபாவம். பட்டையில் பதமான தோல் கையுறைபோல் துவளாது. உடம்போடு, அதாவது ஒரு நிறைவோடு இருக்கும். எண்ணெயும் இழுவையும் சரியாக இருந்தால் பை, பர்ஸ், செருப்பு மேல்வார், புத்தக அட்டை எல்லாவற்றுக்கும் வேண்டிய மென்மை வரும். சட்டைபோல் உடுத்தும் அளவுக்கு வராது.

சென்னைக்கு இந்த முறையைத்தான் முதலில் சொல்வேன். நனைந்தாலும் பதம் கரைந்து போகாது. தினமும் சில நிமிடம் புரட்டிவிட்டால் போதும் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஒத்து வரும். மூடிய டிரம்மின் வாசனையைப் பக்கத்து வீட்டாரும் பொறுத்துக்கொள்வார்கள்.

## இரண்டு: படிகாரம்

நான்கில் வேகமானதும் சுத்தமானதும் இதுதான். தோல் எடையில் பத்தில் ஒரு பங்கு படிகாரம், அதில் பாதி உப்பு, மாவும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்த குழம்பு. மாவு நிரப்பும், மஞ்சள் கருவின் கொழுப்பு மென்மை தரும். சில நாளில் முடிந்துவிடும். கிடைப்பது பால் வெண்மையான, துவளும் தோல். பழைய ஐரோப்பாவின் கையுறைகளும், நூற்றாண்டுகள் தாண்டி நிற்கும் பல புத்தகக் கட்டுகளும் இந்த வெள்ளைத் தோலில் ஆனவை.

ஆனால் படிகாரம் தோலோடு கொள்ளும் உறவு மேலோட்டமானது. தண்ணீரில் கழுவினால் படிகாரம் கரைந்து வெளியேறிவிடும், மிஞ்சுவது பழைய பச்சைத் தோல். அது காய்ந்தால் விறைக்கும். ஐரோப்பிய வீடியோவில் சொல்லாத சிக்கல் இங்கேதான் வருகிறது: நம் ஊரில் தண்ணீரில் நனைக்க வேண்டியதே இல்லை. தோளில் மாட்டிய பையின் பட்டை ஒரு மே மாதத்தைத் தாண்டாது. வேர்வை படும் இடமெல்லாம் ஒரு விரற்கடை அகலத்துக்கு விறைத்து, மஞ்சளாகி, மடித்தால் வெடிக்கும். தோலுக்குள் இருக்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால், கார்த்திகை மழையில் தொட்டாலே பிசுபிசுக்கும். பித்தளைப் பொத்தானும் இரும்பு வளையமும் அதில் பச்சையும் துருவும் ஏறும்.

மயிரோடு தோல் வேண்டும் என்றால் மட்டும் படிகாரத்துக்கு இணை இல்லை. பட்டைச் சாறு வெள்ளாட்டு மயிரைப் பழுப்பாக்கிவிடும், படிகாரம் நிறத்தைத் தொடாது. சுண்ணாம்பும் தேவையில்லை. சதைப்பக்கம் மட்டும் குழம்பைத் தடவி, மடித்து வைத்து, மறுநாள் மீண்டும் தடவினால் போதும். சுவரில் மாட்ட, நாற்காலியில் விரிக்க, குளிர்பதன அறையில் வைக்க நல்லது. புத்தகம் கட்டுபவர்களுக்கும் இதையே சொல்வேன், ஆனால் நூலகம் உலர்ந்த இடமாக இருக்க வேண்டும்.

இந்த முறையில் மட்டும் தோல் முதலில் அட்டையாகக் காய்ந்தாலும் கவலையில்லை, காய்ந்த உடனே இழுத்துத் தேய்க்க அவசரப்பட வேண்டாம். படிகாரத் தோலைச் சில வாரம் உலர்ந்த இடத்தில் தூங்கவிட்டு, பிறகு லேசாக ஈரப்படுத்தி இழுத்தால் பிடிப்பு கூடியிருக்கும்.

## மூன்று: மூளையும் புகையும்

வட அமெரிக்கப் பழங்குடி மக்கள் மான் தோலில் கைதேர்ந்த முறை. தொட்டுப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். துணியா தோலா என்று சந்தேகம் வரும் அளவுக்கு மென்மை. ஒவ்வொரு விலங்குக்கும் அதன் தோலைப் பதப்படுத்தும் அளவுக்கு மூளை இருக்கிறது என்று அவர்களிடையே ஒரு வழக்குண்டு.

மூளையில் கொழுப்பும், அந்தக் கொழுப்பைத் தண்ணீரோடு கலந்து நிற்கச் செய்யும் லெசித்தினும் இருக்கின்றன. கை பொறுக்கும் சூட்டு நீரில் கரைத்த மூளைச் சாறு இழைக்கு இழை ஊடுருவி, அவை ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் இதனால் தோல் இன்னும் பதமாகிவிடவில்லை. இந்த நிலையில் நனைந்தால் திரும்ப விறைக்கும். பதமாக்குவது புகை. மக்கிய மரம் சுடரில்லாமல் புகையும்போது வரும் ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள் இழைகளைப் பிணைக்கின்றன. அதன் பிறகு நனைந்தாலும், துவைத்தாலும், கையால் சற்றுக் கசக்கினால் மென்மை திரும்பிவிடும்.

இதன் விலையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். மயிரோடு மேல் ஏட்டையும் முழுவதுமாகச் சுரண்டி எடுக்க வேண்டும், இல்லையென்றால் மூளைச் சாறு உள்ளே இறங்காது. ஆட்டுத் தோலின் மேல் ஏடு பிடிவாதமானது, வயிற்றுப்பக்கம் மெல்லியது, ஒரு நொடி அழுத்தினால் ஓட்டை. சாற்றில் ஊறிய தோலைப் பிழிந்த பிறகு, அது முழுக்கக் காயும்வரை கை ஓயக் கூடாது. சாப்பிடப் போனால் அந்தப் பகுதி அட்டை. உலர்ந்த ஊரில் சில மணி நேரத்தில் முடிகிற இந்த இழுவை, நம் கடற்கரை ஈரத்தில் இழுத்துக்கொண்டே போகும். இரண்டு பேர் மாற்றி மாற்றி இழுக்க வேண்டியிருக்கும். முதல் முறையில் முழு மென்மை வராமல் மறுபடி சாற்றில் நனைத்துத் தொடங்குவதும் இயல்பு.

அடுத்தது புகை. தோலைப் பையாகத் தைத்துக் கவிழ்த்து, அடியில் தேங்காய் மட்டையோ மக்கிய கட்டையோ கனலவிட்டு, இரு பக்கமும் பொன்பழுப்பாகும்வரை மணிக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். அடுக்குமாடியில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தாம்பரத்துக்கு அப்பாலோ செங்குன்றம் பக்கமோ இடம் இருந்தால் யோசிக்கலாம்.

மூளை நம் ஊர்க் கறிக்கடையில் வறுவலுக்குப் போகும் விலையுள்ள பொருள். மனம் இடறினால் ஏழெட்டு முட்டை மஞ்சள் கருவைக் கொஞ்சம் எண்ணெயோடு அடித்து அதே வேலையை வாங்கலாம். லெசித்தின் அதிலும் இருக்கிறது.

இந்த முறையைப் படித்துவிட்டு மான் தோல் எங்கே கிடைக்கும் என்று யாரும் விசாரிக்கக் கூடாது. மான், உடும்பு, பாம்பு எதுவானாலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெள்ளாட்டிலும் செம்மறியிலும் பழகுங்கள்.

## நான்கு: மீன் எண்ணெய்

வண்டிக் கண்ணாடி துடைக்கும் 'ஷாமி' தோல் இந்த முறையில் ஆனது. நான்கிலும் நீரை அதிகம் உறிஞ்சுவதும், சோப்புப் போட்டுத் துவைக்கக்கூடியதும் இதுவே. மேல் ஏடு நீக்கிய தோலில் மீன் எண்ணெயைத் தேய்த்து ஏற்றி, காற்றோட்டத்தில் தொங்கவிட, எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து இழைகளைப் பிணைக்கிறது. வெளியிலிருந்து பார்க்க எண்ணெய் தடவியது போலத்தான் தெரியும், நடப்பது பதனிடல். கடைசியில் மிச்ச எண்ணெயைச் சலவைச் சோடாக் கரைசலில் கழுவி எடுக்க வேண்டும்.

தேங்காய் எண்ணெயால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்காதவர்கள் குறைவு. முடியாது. காற்றில் வினைபுரியாத எண்ணெய் அது, அதனால்தான் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. புங்க எண்ணெயும் நல்லெண்ணெயும் பதமான தோலை மென்மையாக்கும், பச்சைத் தோலைப் பதனிடாது. மீன் எண்ணெய்தான் வேண்டும். அந்த வாசனை வாரக்கணக்கில் வீட்டில், துணியில், தலைமயிரில் தங்கும்.

ஆபத்தும் ஒன்று உண்டு. எண்ணெய் வினைபுரியும்போது சூடு எழும். எண்ணெய் ஊறிய தோல்களையும் துடைத்த துணிகளையும் குவித்து வைத்தால் தானாகவே தீப்பிடிக்கும். விரித்தே வைக்க வேண்டும், துணிகளைத் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்த வேண்டும். துடைக்கும் தோலும், உடலோடு ஒட்டும் மெல்லிய உட்புறத் தோலும் வேண்டும் என்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | ஆவாரம்பட்டை | படிகாரம் | மூளை, புகை | மீன் எண்ணெய் |
|---|---|---|---|---|
| ஆட்டுத் தோலுக்கு ஆகும் காலம் | மூன்று, நான்கு வாரம் | சில நாள், பிறகு சில வார ஓய்வு | சில நாள், அதில் ஓரிரு நாள் ஓயாத உழைப்பு | இரண்டு, மூன்று வாரம் |
| மென்மை | நிறைவான மென்மை | துவளும் | துணிபோல் | மிகத் துவளும் |
| நனைந்தால் | தாங்கும், எண்ணெய் தடவ வேண்டும் | பதம் கரையும் | தாங்கும், கசக்கினால் போதும் | துவைக்கலாம் |
| மயிரோடு வைக்க | நிறம் மாறும் | மிக ஏற்றது | ஏற்றதல்ல | ஏற்றதல்ல |
| தேவைப்படும் இடம் | மூடிய டிரம், நிழல் | குளியலறை போதும் | திறந்தவெளி | காற்றோட்டமான மொட்டை மாடி |
| மறைந்த செலவு | பட்டையின் அளவு, இரும்புக் கறை | வேர்வை, மழைக்கால ஈரம் | தோள் வலி, புகை | வாசனை, தீ |

## பதனிடாமல் வாங்கிவிடுவது

இதையும் ஒரு வழியாகவே வைக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது தோல்தானே தவிரப் பதனிடும் அனுபவம் இல்லையென்றால், பெரியமேட்டுக்குப் போய்ப் பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலைக் கேட்டு வாங்குங்கள். 'வெஜிடபிள்' என்று சொன்னால் புரியும். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது குரோம் தோல், அதாவது குரோமிய உப்புகளில் பதனிட்டது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: சாயத்துக்கு உள்ளே நீலச் சாம்பல் தெரிந்தால் குரோம், பழுப்பு தெரிந்தால் பட்டை.

சென்னைக்குக் குரோம் புதிதல்ல. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இங்கே குரோம் பதனிடலைச் சோதித்துப் பார்த்தார். அதன் பின் வந்த குரோம் தோல் ஆலையின் பெயர்தான் குரோம்பேட்டைக்கு ஒட்டிக்கொண்டது. ஒரே நாளில் பதமாகி, கொதிநீர்ச் சூட்டைத் தாங்கும் தோல் அது. ஆனால் அந்த உப்புகளை வீட்டில் கையாளவோ கழிவைச் சாக்கடையில் விடவோ யாருக்கும் உரிமையில்லை. முறையாகக் கற்க நினைப்பவர்களுக்கு அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே பயிற்சிகளும் உண்டு.

## யாருக்கு எது

தோளில் மாட்டும் பை, பர்ஸ், செருப்பு, பெல்ட் உள்வார்: ஆவாரம்பட்டை. வேலைக்குப் போகிறவர், மாடிக் குடியிருப்பு, முதல் முயற்சி: அதுவும் ஆவாரம்பட்டைதான். மயிரோடு விரிப்பு, உலர்ந்த அறைப் புத்தகக் கட்டு: படிகாரம். நகருக்கு வெளியே இடமும், கூட இழுக்க ஒரு துணையும், உடுத்தும் அளவுக்கு மென்மை வேண்டும் என்ற தீராத ஆசையும் உள்ளவர்: மூளையும் புகையும். துவைக்கக்கூடிய துடைதோல்: மீன் எண்ணெய்.

கலவையும் செய்யலாம். மூளைச் சாறோ மஞ்சள் கருவோ பட்டையில் பதமான தோலுக்குக் கொழுப்பூட்டவும் உதவும், புங்க எண்ணெய் மட்டும் தருவதைவிடத் துவளல் கூடும். கைவேலைக்காரர்கள் பலர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு.

இந்தக் கைப்பக்குவம் யாருடையது என்பதையும் சொல்லாமல் போகக் கூடாது. கமலையில் நீர் இறைத்த தோல் பையையும், நடந்து தேய்ந்த செருப்பையும் செய்து கொடுத்த அருந்ததியர் உள்ளிட்ட மக்களின் உழைப்பை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டு, அவர்களை மட்டும் ஊருக்கு வெளியே நிறுத்தினோம். இன்று அதே வேலை 'கைவினை' என்று விலை கூடி விற்கிறது. யாரிடமாவது நேரில் கற்க வாய்ப்புக் கிடைத்தால், கற்பதற்கு உரிய கூலியைக் கொடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

## கழிவும் காலமும்

பாலாற்றங்கரையில் தோல் கழிவு என்ன செய்தது என்பதை நாம் கண்டோம். 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் குறித்த வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உறுதியாக நிலைநாட்டியது. 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உள்பட 10 பேர் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். ஒரு தோலின் கழிவு சிறிதுதான் என்று அலட்சியப்படுத்த எனக்கு மனம் வரவில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. உப்பைத் தண்ணீரில் கரைப்பதற்கு முன் உதறி எடுத்துவிடுங்கள், அதைச் செடிக்கோ கிணற்றடிக்கோ கொட்டாதீர்கள். சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளியவிட்டு, அடியில் தங்கும் வண்டலைக் காயவைத்து அள்ளுங்கள். புளித்த தவிட்டு நீரோடு தெளிந்த நீரைக் கலந்தால் காரம் பெருமளவு குறையும். ஊறிச் சாரம் இழந்த ஆவாரம்பட்டையை மக்க வைத்து உரமாக்கலாம். மயிரும் சதைத் துணுக்கும் மழைநீர் வடிகாலில் போகவே கூடாது, எலியும் நாயும் தெருவையே அலங்கோலமாக்கிவிடும்.

காலத்தைப் பொறுத்தவரை, ஐப்பசி, கார்த்திகையில் எந்த முறையையும் தொடங்க வேண்டாம். காய வேண்டிய நாளில் தோல் காயாது, பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் பச்சைத் தோல் சீக்கிரம் அழுகும், நேர் வெயிலில் காயவைத்தால் ஓரம் முறுக்கிக்கொள்ளும். தை பிறந்த பிறகு பங்குனி வரை நல்ல காலம். இப்போது தோல் கையில் இருந்து, மழையும் தொடங்கிவிட்டதென்றால், நன்றாக உப்பிட்டு, மடித்து, நீர் வடியும்படி சாய்த்த பலகையில் வைத்து, வாரம் ஒரு முறை பிரித்துப் பார்த்து, ஈரமான இடத்தில் புது உப்பு போட்டுக்கொண்டு தை வரை காத்திருங்கள்.